எல்லையோர ஊர்களுக்கு ஓவியம் எதற்கு என்பவர்களுக்கு

கேரளத்தில் கலையைப் பற்றிப் பேசும் இடங்களில் ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. ஓவியக் கண்காட்சி என்றால் கொச்சி, கோழிக்கோடு, திருச்சூர், திருவனந்தபுரம். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துக்கும் இடுக்கி மலைக்கும் அது வேண்டியதில்லை. அங்கே கண்காட்சி வைத்தால் ஆள் வராது. வந்தாலும் நவீன ஓவியம் புரியாது. அங்கே இருப்பது கைவினையும் நாட்டார் கலையும்தான், அவற்றுக்கு ஒரு விற்பனை அரங்கு போதும். நல்ல ஓவியன் ஒருவன் அங்கே பிறந்துவிட்டால் அவன் கொச்சிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வான். அதிகாரிகள் இதைச் செலவுக் கணக்காகச் சொல்கிறார்கள். கண்காட்சி அமைப்பாளர்கள் அனுபவமாகச் சொல்கிறார்கள். அந்த மண்ணில் பிறந்து நகரத்துக்குப் போன கலைஞர்களிலும் சிலர் இதையே திருப்பிச் சொல்லும்போது மனம் வலிக்கிறது. இந்தக் கருத்தின் நான்கு கால்களும் ஊனம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த நிலத்தைப் பற்றிய பேச்சு இது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், முதலமடை: இது பாலக்காட்டின் ஓரம். சின்னாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு, பூப்பாறை, கம்பம்மெட்டு, குமுளி: இது இடுக்கியின் ஓரம். கேரள வரைபடத்தில் இந்த இரண்டு மாவட்டங்களும் தொட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் ஆனைமலை இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. பாலக்காட்டிலிருந்து மறையூருக்கு நேர்வழி பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு என்றுதான் போகும். பாலக்காடு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் பறம்பிக்குளத்துக்குப் பேருந்தில் போகிறவரும் பொள்ளாச்சியைத் தொட்டாக வேண்டும். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள், இருளர், முதுவர், மன்னான், மலசர், காடர் என்று பல குடிகள், தேயிலைத் தோட்ட லயங்களில் நான்கைந்து தலைமுறையாக வாழும் தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்ததே இந்த நிலம். இவர்களுக்குக் கலை பார்க்கத் தெரியாது என்றுதான் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது.

‘புரியாது’ என்ற வாதத்துக்கு மலம்புழை பதில் சொல்கிறது. 1955-ல் சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்த அணை அது. அந்த அணைப் பூங்காவில் 1969-ல் கானாயி குஞ்ஞிராமன் ‘யட்சி’யைச் செய்து முடித்தார். சுமார் 30 அடி உயரம். ஆடையில்லாத பெண்ணுருவம், கால்களை விரித்து அமர்ந்து, கூந்தலைக் கோதியபடி மலையைப் பார்த்து முகம் உயர்த்தியிருக்கிறது. பொதுப் பூங்காவில் இப்படி ஒரு சிலையா என்று எதிர்ப்பு எழுந்தது. கானாயி பின்வாங்கவில்லை. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சிலையின் முன்னால் யார் நிற்கிறார்கள்? கொழிஞ்சாம்பாறை விவசாயியும் பொள்ளாச்சியிலிருந்து பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளையும் கோவை மில் தொழிலாளியின் குடும்பமும்தான். நவீனச் சிற்பத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. சிலை அங்கேயே, அவர்கள் வந்துபோகும் இடத்திலேயே, நாள் தவறாமல் இருந்தது. அதிர்ச்சி பழக்கமானது, பழக்கம் பிரியமானது. இன்று யட்சி இல்லாத மலம்புழையை அந்தப் பக்கத்து மக்களால் நினைத்துப் பார்க்க முடியாது. மக்களின் ரசனையை முன்கூட்டியே அளந்து சொன்னவர்கள்தான் இந்த விஷயத்தில் தோற்றார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கானாயி சென்னை ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றவர். பணிக்கர் 1911-ல் பிறந்தது கோயம்புத்தூரில், பாலக்காட்டுக் கணவாயின் இந்தப் பக்கத்து வாசலில். 1960-களில் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை இந்திய நவீன ஓவியத்தில் ஒரு திருப்பம். அதில் தெரியும் கட்டங்களும் எழுத்து மாதிரியான கீற்றுகளும் நம் ஊர் ஜோசியரின் ஜாதகக் கட்டத்தையும் ஏட்டுச் சுவடியையும் நினைவூட்டுபவை. நவீன ஓவியம் கிராமத்துக்கு அந்நியம் என்கிறவர்கள் அந்த ஓவியம் எங்கிருந்து தன் கோடுகளை எடுத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, ஆள் வராது என்ற வாதம். 2012 டிசம்பர் 12-ல் கொச்சி முசிரிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியபோது இதே பேச்சுத்தான் எழுந்தது. அரசுப் பணம் வீண், யாருக்கும் விளங்காத பொருள்களைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டார்கள். அந்த முதல் பதிப்பை ஏறத்தாழ 4 லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஓர் ஓவியக் கூடத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். ஆட்டோ ஓட்டுநர்களும் குடும்பம் குடும்பமாக வந்தவர்களும் அந்தக் கண்காட்சியைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். கொச்சியில் பார்வையாளர்கள் முன்பே தயாராகக் காத்திருக்கவில்லை. மூன்று மாதம் விடாமல் நடந்த கண்காட்சி அவர்களை உருவாக்கியது, இரண்டாண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்து நிலைநிறுத்தியது. கொச்சிக்குப் பலித்த இந்த உண்மை பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்தால் மட்டும் எப்படிப் பொய்யாகும்?

பாலக்காட்டுக்குள்ளேயே சான்று உண்டு. தஸ்ராக் ஒரு சின்ன ஊர். அங்கே ஓ.வி. விஜயனின் சகோதரி ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தார். அந்த ஊரில் தங்கியதிலிருந்து விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ பிறந்தது, 1969-ல் நூலானது. யட்சி முடிந்ததும் அதே ஆண்டில்தான். இன்று தஸ்ராக்கில் விஜயனின் நினைவகம் இருக்கிறது. அவர் நாவலாசிரியர் மட்டுமல்ல, இந்தியாவின் கூர்மையான கேலிச்சித்திரக்காரர்களில் ஒருவர். அந்தக் கோடுகளைப் பார்க்க வாசகர்கள் வயல்வெளி தாண்டி அந்த ஊருக்குப் போகிறார்கள். ஒரு நாவல் ஒரு குக்கிராமத்தைக் கலை பார்க்கும் இடமாக மாற்ற முடிந்திருக்கிறது. கிராமத்துக்கு ஆள் வராது என்ற வாதம் அந்த வயல்வரப்பிலேயே உதிர்ந்துபோகிறது.

ஆள் வரவில்லை என்பதற்கு ஆதாரமாக இந்த எல்லையோர ஊர்களில் எப்போதாவது நடக்கும் கண்காட்சிகளின் வருகைப் பதிவேட்டைக் காட்டுகிறார்கள். அந்தக் கண்காட்சிகள் எப்படி நடக்கின்றன என்றும் பார்க்க வேண்டாமா? ஐந்து நாளோ ஒரு வாரமோதான் ஆயுள். காலை பதினொன்றுக்குத் திறந்து மாலையில் சாத்துவது வழக்கம். தோட்டத் தொழிலாளி கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் நேரம் கதவு சாத்தும் நேரம். மூணாறு கடைவீதி ஞாயிற்றுக்கிழமைதான் தொழிலாளர் குடும்பங்களால் நிறைகிறது. கண்காட்சியின் தொடக்க விழாவோ தலைவர்கள் வர வசதியான வேலை நாளில் நடக்கிறது. அறிவிப்பு ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருக்கும், தமிழில் ஒரு வரி இராது. கடையைப் பூட்டி வைத்துவிட்டு வாங்க ஆளில்லை என்று புலம்புவதுபோல் இருக்கிறது இது.

ஆள் வந்த பிறகுதான் இடம் என்ற வாதத்தைப் பாலக்காடு மாவட்டத்தின் பழங்கலை ஒன்றே மறுக்கிறது. பாரதப்புழைக் கரையோரத்துப் பகவதி கோயில்களில் தை மாதம் தொடங்கிக் கோடைவரை தோல்பாவைக்கூத்து நடக்கும். கோயில்முன் அதற்கென்றே கட்டிய கூத்துமாடம் இருக்கிறது. நீளத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரியும். கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடிப் பொருள் விரித்துச் சொல்வார்கள். ஆட்டுவிப்பவருக்குப் புலவர் என்றே பட்டம். ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தொரு இரவு என்று கூத்து நீளும். சில இரவுகளில் திரைக்கு முன்னால் அம்மனைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காகவே இந்தக் கூத்து என்பது நம்பிக்கை. ஆள் இல்லாத இரவிலும் பாட்டு நிற்காது.

இந்தக் கலை எப்படிப் பிழைத்தது? அதற்கு நிலையான இடம் இருந்தது, நாள் குறித்திருந்தது, பொறுப்பேற்ற குடும்பங்கள் இருந்தன. இந்த மூன்றும் இருந்ததால்தான் கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் அதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவர முடிந்தது. அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வருகைப் பதிவேட்டை வைத்துத் தீர்மானித்திருந்தால் கூத்துமாடங்களை என்றோ இடித்துக் கிடங்கு கட்டியிருப்பார்கள். கலை வாழ்வதற்கு இடமும் நாளும் பொறுப்பும் முதலில் வர வேண்டும் என்பதைப் பாலக்காடு பல தலைமுறையாக நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. இடுக்கிப் பக்கமும் இதற்குச் சான்று உண்டு: குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று ஒரே ஒரு நாள்தான் மக்களுக்கு அனுமதி. அந்த ஒரு நாளுக்காக இரண்டு மாநிலத்து மக்களும் ஆயிரக்கணக்கில் காட்டுப்பாதையில் ஏறுகிறார்கள். நாள் தெரிந்தால் இந்த மக்கள் மலையேறியும் வருவார்கள்.

கேரளம் தன் சொந்த வரலாற்றையே இந்த விஷயத்தில் மறந்திருக்கிறது. கேரள லலிதகலா அகாதமி உருவான அதே 1962-ல்தான் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் உருவானது. பரிஷத் அறிவியலை நகரத்து அரங்கில் வைத்துக்கொள்ளவில்லை. 1980 முதல் கலா ஜாதா என்ற பெயரில் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போனது. நம் தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’யை எடுத்த ஜான் ஆபிரகாம் 1984-ல் நண்பர்களோடு ஒடேசா அமைப்பைத் தொடங்கினார். மக்களிடம் காசு திரட்டி 1986-ல் ‘அம்மா அறியான்’ எடுத்தார்கள். எளிதில் பிடிபடாத அந்தப் படத்தைத் திரையிடும் கருவியோடு கிராமம் கிராமமாகக் கொண்டுபோய் இலவசமாகக் காட்டினார்கள். அறிவியலையும் கடினமான சினிமாவையும் தாங்கிய கிராமம் ஓவியத்தைத் தாங்காதா? கிராமத்து வாசகசாலைகளால் வளர்ந்த மாநிலம் இது. ஒவ்வொரு வாசகசாலையிலும் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரில் மாதம் ஒரு ஓவியரின் படங்கள் தொங்க வேண்டும் என்று ஏன் ஓர் இயக்கம் பிறக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது வாதம், அங்கே இருப்பது கைவினைதான் என்பது. இடுக்கியில் மன்னான், முதுவர், ஊராளி மக்கள் நெய்யும் கண்ணாடிப்பாயை எடுத்துக்கொள்வோம். ஈற்றை எனும் நாணல் மூங்கிலின் உட்பாகத்தை மெல்லிய இழைகளாகச் சீவி நெய்வது. கண்ணாடிபோல் மினுங்கும். வெயில் காலத்தில் குளிர்ச்சியும் குளிரில் கதகதப்பும் தரும். அதன் பரப்பில் இழையின் போக்கை மாற்றி மாற்றி எழுப்பும் வடிவங்களில் உள்ள கணக்கும் கட்டுப்பாடும் எந்த அரூப ஓவியத்துக்கும் குறைந்ததில்லை. 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் குறியீடு விற்பனைக்குக் காவல், பார்வைக்கு வழி செய்யாது. அந்தப் பாய் அரங்கில் சுருட்டி விலைச்சீட்டோடு நிற்கிறது. ஒரு வெள்ளைச் சுவரில் விரித்து, நெய்தவர் பெயரை எழுதி, எதிரே நின்று பத்து நிமிடம் பார்க்கும்படி யாராவது வைத்தால் அது வேறு பொருளாகக் கண்ணில் படும்.

சோழமண்டலத்தை நினைத்துப் பாருங்கள். 1966-ல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் அமைத்த அந்த ஓவியர் கிராமத்தை ஓவியம் விற்ற காசு நிறுத்தவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், வயிறு கழுவினார்கள், ஓவியம் வரைந்தார்கள். ஒரே கை காலையில் கைவினையும் மாலையில் ஓவியமும் செய்தது. தென்னிந்திய நவீன ஓவியத்தின் தாய்வீடே இப்படி இருக்க, இடுக்கிக்காரரின் கையை மட்டும் கைவினைக்காரர் கை என்று பிரித்து ஒதுக்குவது அநீதி. மறையூரில் முனியறைகள் எனும் பெருங்கற்காலக் கல்லறைகளும், எழுத்தளை, அட்டளை பகுதிகளில் காவியில் தீட்டிய விலங்குருவங்கள் கொண்ட பாறை ஓவியங்களும் இருக்கின்றன. எழுத்து வருவதற்கு முன்பே பாறையில் வரைந்தவர்களின் நிலத்தில் ஓவியத்துக்கு இடமில்லை என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

நான்காவது வாதம்தான் மிகவும் கேடானது: திறமைசாலி நகரத்துக்குப் போய்க்கொள்வான். இதன் விளைவைக் கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷியாமின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1982-ல் போபாலில் பாரத் பவன் திறந்தபோது அதன் கலைக்கூடத்துக்குப் பொறுப்பேற்ற ஓவியர் ஜே. சுவாமிநாதன் பழங்குடிக் கலையையும் நவீன ஓவியத்தையும் ஒரே கூரையின்கீழ் சமமாக வைத்தார். அவருடைய குழுவினர் பாட்டன்கட் என்ற கோண்டு ஊரின் வீட்டுச் சுவர்களில் கண்டெடுத்த கைதான் ஜன்கட். 1989-ல் பாரிஸ் போம்பிடூ மையத்தின் பெருங்கண்காட்சியில் அவர் ஓவியங்கள் இருந்தன. சமமாக வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் 2001-ல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தனியாக இருந்து வரைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பதை ஒட்டிய வயது. ஓர் உயிர் போனதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆயினும் கலைஞரை அவருடைய மண்ணிலிருந்தும் மொழியிலிருந்தும் பெயர்த்து எடுத்துத் தொலைவில் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நிம்மதியான நம்பிக்கைக்கு அந்த மரணத்துக்குப் பிறகு இடமில்லை. இன்று பாட்டன்கட்டில் பல குடும்பங்கள் ஓவியம் வரைகின்றன. அந்த மரபு தழைத்தது ஊரிலும்தான்.

நகரத்துக்குப் போக முடியாதவர்கள் என்ன ஆகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். கேரளப் பள்ளிக் கலோல்சவம் என்னும் கலைவிழா 1957 முதல் நடக்கிறது. பென்சில், நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், கார்ட்டூன் எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு. சித்தூர், கொல்லங்கோடு, மூணாறு கல்வி உபமாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வரைகிறார்கள். பரிசுக்குப் பிறகு அந்தப் படங்களை ஊரார் யார் பார்க்கிறார்கள்? பாட்டுப் பாடிய பிள்ளையின் குரலை ஊர் கேட்கிறது, நடனமாடியவளை மேடையில் காண்கிறது. வரைந்த பிள்ளையின் தாள் மட்டும் மதிப்பெண் வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் போகிறது. தன் ஓவியத்தின் முன்னால் அம்மா நின்று பார்ப்பதை ஒருமுறைகூடக் காணாத பிள்ளை பத்தாம் வகுப்போடு தூரிகையை வைத்துவிடுகிறது. உள்ளூரில் தொடரும் வரைபவர்களோ சுற்றுலா விடுதிக்காகத் தேயிலைச் சரிவையும் யானையையும் திரும்பத் திரும்ப வரைந்து கொடுக்கிறார்கள். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. விடுதிச் சுவர் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைக்கும் சுவர் என்ற நிலையைக் குறை சொல்கிறேன். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று மூணாறு வீதியில் திரண்ட தோட்டத் தொழிலாளிப் பெண்களையும், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி மண்சரிவில் புதைந்த லயங்களையும் கண்ட ஊர் அது. அந்த அனுபவம் கோடாகவும் நிறமாகவும் மாற ஒரு சுவர் வேண்டும். விடுதி அதற்கு இடம் தராது.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1956-ல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. சிறுபான்மைத் தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியிலேயே அரசோடு கடிதம் எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே வழி செய்தது. கலோல்சவத்தில் தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலுக்கும் இடம் உண்டு. மனுவுக்கும் மேடைக்கும் கொடுத்த மரியாதையை ஓவியத்தின் கீழே ஒட்டும் சீட்டுக்கும் கொடுக்கலாம். மறையூர்ப் பாட்டி படித்தறிய முடியாத மொழியில் விளக்கம் எழுதிவிட்டு அவளுக்கு ஓவியம் விளங்காது என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. தமிழ்நாட்டுப் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. பொள்ளாச்சியும் உடுமலையும் இந்த வழியின் நடுவில் இருக்கின்றன, கோவையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாழும் தமிழரின் கலையைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியது மிகக் குறைவு. நாமும் அவர்களைப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. பணம் எங்கே? இடுக்கியின் ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்கும், அசல் ஓவியத்துக்குக் காவல் வேண்டும், ஆண்டு முழுக்க ஊழியர் வேண்டும். இது நியாயமான கவலை. இந்தக் கவலைக்கு விடை, புதிய பளிங்குக் கட்டடம் கட்டாமல் இருப்பது. வாசகசாலையும் பள்ளிக்கூட மண்டபமும் பஞ்சாயத்துச் சமூகக்கூடமும் போதும். இரண்டு பருவமழைக்கும் வெளியே, தைப்பொங்கலிலிருந்து சித்திரை வரை நாள் குறிக்கலாம். மூணாற்றின் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் 1913-ல் நாசரேத் கலைத்தொழில் பள்ளியில் செய்த சூரிய கடிகாரத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நூறாண்டு கண்ட கருவியைக் காக்கத் தெரிந்த மலைக்கு மூன்று மாதம் ஓவியங்களைக் காக்கவும் தெரியும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு, குமுளி என்று ஒரே கண்காட்சி ஆண்டுதோறும் நகர வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு ஞாயிறு அடங்கும்படி, இரவு எட்டுவரை திறந்திருக்க வேண்டும். நகரத்து ஓவியரின் அசல் படைப்பு, கண்ணாடிப்பாய், தோல்பாவை, அந்த ஊர்ப் பிள்ளைகளின் கலோல்சவ ஓவியம் ஆகியவை ஒரே சுவரில், செய்தவர் பெயரோடு, தமிழிலும் மலையாளத்திலும் விளக்கத்தோடு இருக்க வேண்டும். கொச்சிக் கண்காட்சிக்கு எழுதும் விமர்சகர்கள் இங்கேயும் வந்து, இரக்கத்தால் பாராட்டாமல், அதே கண்டிப்போடு எழுத வேண்டும். முதல் ஆண்டு கூட்டம் குறைந்தால் அதைக் காரணமாக்கி நிறுத்தக் கூடாது. குறைந்தது ஐந்தாண்டு, அதே மாதத்தில், அதே ஊர்களில் நடக்க வேண்டும். அதன் பிறகும் ஆள் வரவில்லையென்றால் எதிர்த்தரப்பின் கருத்தை ஏற்றுக்கொள்ள நாங்கள் தயார். அதுவரை அந்த மக்களின் கண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை.